வலமிருந்து இடமாக ஒரு காமன்

ஷாமிலாவின் படக்கதை புத்தகமாக வரப்போகிற சங்கதி, அவளுக்குத் தெரியும் முன்னே தோட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. ஹட்டனில் அச்சகம் வைத்திருக்கும் பரமலிங்கம் சேர், மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார். ஆபீசில் சொன்னால் போதும், தப்படித்துச் சொல்லவே வேண்டாம். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி எல்லோர் முன்னாலும், "என்னா அழகம்மா, ஒங்க மக புஸ்தகம் போடுதாமே?" என்று கேட்டார். ஷாமிலாவின் தாய் அழகம்மா, "ஆமாங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள். மகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த லயத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி பெருமை பேசுகிற பொம்பளை அவள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைதான்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் படக்கதையின் நாயகன் காமன். காமனுக்கு ஷாமிலா வரைந்திருந்த முகம் அவள் அண்ணன் அழகுமுத்துவின் முகம். அழகுமுத்து செத்துப்போய் சில வருசமாகிறது.

அவன் இருந்தவரை தோட்டத்துக் காமன் கூத்தில் காமன் வேசம் அவனுக்குத்தான். மாசி மாதம் காமன் பொட்டலில் சலங்கை கட்டி, கரும்பு வில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் வந்து நின்றால், ரதி வேசம் கட்டின ஆம்பிளைக்கே வெட்கம் வந்துவிடுகிறது என்று கேலி பேசுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், காமன் எரிந்து விழுவான், ரதி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் காமனை உயிரெழுப்புவார்கள். கூத்து என்று தெரிந்தும் அழகம்மா வருசா வருசம் மகன் விழும்போது அழுவாள், அவன் எழுந்து வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். பிறகு அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். அங்கே காய்ச்சல் கண்டது. வேனில் உடலைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு அழகம்மா காமன் பொட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஷாமிலாவுக்கு அழ வராது, வரைய வரும். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் அவள் டீச்சர். பாலர் பாடசாலை டீச்சர்மாருக்குப் பயிற்சி கொடுக்க ஜப்பானிலிருந்து யுகிகோ என்றொரு பெண் ஹட்டனுக்கு வந்திருந்தாள். யுகிகோவுக்குத் தமிழ் தெரியாது, சிங்களம் படித்துக்கொண்டு வந்திருந்தாள். ஷாமிலாவுக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். இரண்டையும் வைத்துக்கொண்டு இருவரும் ஒரு வருசம் சிரித்தே காலம் தள்ளினார்கள். ஊருக்குத் திரும்பும்போது யுகிகோ தன் பெட்டியிலிருந்து செங்கல் தடிமனில் ஒரு புத்தகத்தை எடுத்து ஷாமிலாவின் கையில் வைத்தாள். பல பாகமாக வந்த ஒரு படக்கதையின் மொத்தத் தொகுப்பு அது. எழுத்து ஒன்றும் புரியவில்லை, ஆனால் படத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நம் சாமிக் கதை ஆட்கள். மானாப் புல் மாதிரிச் சிலிர்த்த முடியோடு மூன்று கண் பையன் ஒருவன். நெருப்பிலிருந்து பிறந்த ஒரு பெண். இருவரும் ஏறிப்போக, கப்பல் அளவுக்கு ஒரு பாம்பு.

ஷாமிலா வழக்கம்போல இடப்பக்கத்திலிருந்து திறந்து பார்த்தாள். சண்டை முடிந்த பிறகு கோபப்பட்டார்கள், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு புறப்பட்டார்கள். அவள் முழிப்பதைப் பார்த்த யுகிகோ சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்பி மறுபக்கம் திறந்து, வலது மூலையில் விரலை வைத்தாள். "மெஹென், நங்கி." இங்கேயிருந்து, தங்கச்சி. விரல் வலமிருந்து இடமாக ஊர்ந்துபோனது.

ஷாமிலாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அதாவது, பிடிபட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். சாமிக் கதை அல்லவா, வலமாகத்தானே வரவேண்டும்! கோயிலைச் சுற்றுவதில்லையா, அந்த மாதிரி. மற்றக் கதைகளை எல்லாம் ஜப்பான்காரர் நம்மைப்போலத்தான் போடுவார்கள் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள். ஜப்பானில் சமையல் குறிப்புள்ள படக்கதையும் வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்கும் என்று எடுத்துச் சொல்ல மஸ்கெலியாவில் ஆள் ஏது?

அதனால் அவள் தன் காமன் கதையையும் வலமிருந்து இடமாகவே வரைந்தாள். சிவன் சிவனொளிபாதமலை உச்சியில் கண்ணை மூடித் தவத்தில் இருக்கிறார். அவர் கண் திறக்காததால் மலையில் ஒரு தேயிலைச் செடியும் தளிர் விடவில்லை, லயங்களில் அடுப்பு எரியவில்லை. லயத்து ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் பிறந்த காமன், மூடுபனி அரக்கர்களோடு சண்டை போட்டு மலையேறுகிறான். மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் மூழ்கிக் கிடக்கிற கோயிலில்தான் ரதி குடியிருக்கிறாள். அவளைக் கல்யாணம் முடித்து, கடைசியில் மிச்ச அரக்கர்களையும் வீழ்த்தி உச்சிக்குப் போய் அம்பை விடுகிறான். சிவன் கண் திறக்கிறார், மலை தளிர்க்கிறது, காமன் எரிகிறான். கடைசிப் படம் ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல். சாம்பலருகே ரதி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். முற்றும்.

ஹட்டனில் பரமலிங்கம் சேர் நடத்திய மாதப் பத்திரிகையில் மாதம் இரண்டு பக்கமாக அது வந்தது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வாத்தியார் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஹட்டன் குளிரை விட்டுப் போக மனமில்லாமல் அச்சகம் போட்டவர். "சாமிக் கதைன்னா வலமாத்தான் சேர் போடுவாங்க" என்று ஷாமிலா அடித்துச் சொன்னதும், "அப்பிடியோ" என்று நம்பி, பக்கத்தின் மேலே ஓர் அம்புக்குறி போட்டுவிட்டார். வாசகர்களும் பழகிக்கொண்டார்கள். கதை முடிந்ததும்தான் கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: காமனை எரித்தீர்களே, உயிரெழுப்பு எங்கே?

உயிரெழுப்பை அவள் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டாள். அண்ணன் முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் அம்மா? அதுதான் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. பத்திரிகை முதன்முதல் வந்த அன்று அழகம்மா ஆசையாக வாங்கிப் பார்த்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவள், மகன் முகத்தை வாசித்துவிட்டாள். பத்திரிகையைக் கவிழ்த்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு ஒரு மாதமும் கேட்கவில்லை. ஷாமிலா இத்தனை பக்கம் வரைந்ததே அந்த ஒரு மனுசிக்காகத்தான். அம்மா ஒருநாள் அதைக் கையில் எடுக்கவேண்டும், அழகுமுத்து ஓடி ஆடித் திரிவதை மறுபடி பார்க்கவேண்டும். ஆனால் பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் சாம்பல் காத்திருக்கிறது. பெற்ற வயிற்றுக்கு அதை இன்னொரு தரம் எப்படிக் காட்டுவது?

இந்தக் குடைச்சலோடுதான் அவள் மாதிரிப் பிரதியைப் பார்க்க ஹட்டன் பஸ் ஏறினாள்.

பரமலிங்கம் சேர் வாசலிலேயே நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. "வாரும் பிள்ளை, இரும். நான் ஒரு வேலை செய்து வச்சிருக்கிறன், பாத்தால் சந்தோசப்படுவீர்" என்று ஒரு கட்டுத் தாளை நீட்டினார். "மாதம் ரெண்டு பக்கம் எண்டால் அம்புக்குறி போதும். முழுப் புத்தகத்தையும் ஆர் வலமிருந்து வாசிக்கிறது? அதுதான் கம்ப்யூட்டரில எல்லாப் படத்தையும் கண்ணாடியில தெரியிற மாதிரித் திருப்பிப்போட்டன். எழுத்து மட்டும் நேர். இனி எல்லாரும் சாதாரணமாத் திறந்து வாசிக்கலாம்."

ஷாமிலாவுக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. தாளைப் புரட்டினாள். இரண்டு மூன்று பக்கம் போனதும் என்னவோ இடறியது.

"சேர், ரதி முந்தானைய வலது தோள்ல போட்டிருக்கா."

"அதை ஆர் கவனிக்கப்போகினம்?"

"காமன் எடது கையால திருநீறு வாங்குறான் சேர்."

பரமலிங்கம் சேர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ம். அது கொஞ்சம் சங்கடம்தான். அந்த ஒரு படத்தை மட்டும்…" என்று இழுத்தபடி அவளோடு சேர்ந்து அடுத்த பக்கங்களைப் புரட்டினார். கல்யாணப் பக்கம் வந்தது. இருவரும் தாளின் மேல் குனிந்தார்கள்.

அந்தப் பக்கத்தை ஷாமிலா பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். நடுவில் தீ. காமன் ரதியின் வலக்கையைப் பிடித்தபடி, தீ வலத்தோள் பக்கம் இருக்க, வலமாகச் சுற்றி வருவான். இப்போது திருப்பிப்போட்டதில் தீ அவர்களின் இடத்தோள் பக்கம் போயிருந்தது. காமன் ரதியின் இடக்கையைப் பிடித்திருந்தான். அண்ணன் முகத்தோடு அவன் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஊரில் எந்த வீட்டில் சனம் அப்படிச் சுற்றும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. அண்ணனுக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டு ஷாமிலாவே அப்படிச் சுற்றி வந்தவள்தான்.

"ஐயோ பிள்ளை" என்றார் பரமலிங்கம் சேர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இது செத்தவீட்டுச் சுத்தல்லோ. கலியாணத்தைச் செத்தவீடாக்கிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்." அந்த வேலைக்காக அவர் இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர். ஆனாலும் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டார். "படம் நீர் கீறினபடியே இருக்கட்டும். ஜப்பான் புத்தகம் மாதிரி வலப்பக்கம் திறக்கிறதாக் கட்டுவம். வாசிக்கிற ஆக்கள் பழகிக்கொள்ளுவினம்."

தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்ததும் அவர் மெல்ல ஆரம்பித்தார். "பிள்ளை, இன்னொரு விசயம். நாலு பக்கம் கூடக் கீறித் தந்தால் உயிரெழுப்பையும் சேத்துப்போடலாம். அம்மாவுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்."

"எங்க வீட்ல யாரும் எந்திரிச்சு வரலயே சேர்" என்றாள் ஷாமிலா.

அப்படிச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த "அம்மாவுக்கும்" காதிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். சாம்பலிலிருந்து எழுகிற காமனை வரைந்து பார்த்தாள். உடம்பு வந்தது, வில் வந்தது, முகம் வரவில்லை. எத்தனை வாட்டி அழித்து வரைந்தாலும் யாரோ ஒரு பொடியன் முகம்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டே அண்ணனை வரையக்கூடியவள் அவள். பொய் என்று மனசுக்கு முன்னே கைக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. தாள்களை அடுப்பில் போட்டுவிட்டு வேறு யோசனை பண்ணினாள். அம்மா கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து தானே பக்கம் புரட்டிக் காட்டுவது, கல்யாணத்தோடு "முடிஞ்சிருச்சும்மா" என்று புத்தகத்தை மூடிவிடுவது. அம்மாவுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. ஏமாற்றுதான். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

புத்தகங்கள் கட்டாக வந்து இறங்கின. தோட்டமே இரவல் வாங்கிப் பார்த்தது. அட்டை வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து, "கட்டுனவன் தண்ணியப் போட்டுட்டுக் கட்டிட்டானா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஷாமிலா சலிக்காமல் எல்லோருக்கும் வலம் வருகிற கதையைச் சொன்னாள். அம்மாவிடம் மட்டும் தானாக நீட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழகம்மா துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தாள். நல்ல வெயில். லயத்து வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன.

"தோட்டமே பாத்துருச்சு. எனக்குக் காட்ட மாட்டியாடி?"

ஷாமிலா எழுந்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, அட்டை மேலே தெரியும்படி மடியில் வைத்தாள். அட்டையில் காமன் மலை உச்சியில் வில்லோடு நின்றான். அழகம்மா உள்ளங்கையால் அந்த முகத்தை ஒரு தரம் தடவினாள். "நான் காட்டுறேம்மா" என்று ஷாமிலா கையை நீட்டும் முன்னே, அழகம்மா புத்தகத்தைக் கவிழ்த்து, படமில்லாத பின்னட்டையை மேலே கொண்டுவந்து, அந்தப் பக்கத்திலிருந்து திறந்துவிட்டாள்.

முதலில் வந்து நின்றது சாம்பல் பக்கம்.

"அம்மா, அது கடைசிப் பக்கம்மா! இந்தப் பக்கத்துல இருந்துதான்…"

"இரு."

அழகம்மா சாம்பலைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரதியைப் பார்த்தாள். கண் நிறைந்தது, வழியவில்லை. எந்தப் பக்கத்தை அம்மாவின் கண்ணில் படாமல் மறைக்க இத்தனை பாடுபட்டாளோ, அதையே முதலில் காட்டிவிட்டோமே என்று ஷாமிலா பதறிப்போனாள். புத்தகத்தைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் அழகம்மா விரலில் எச்சில் தொட்டு ஏட்டைத் திருப்பினாள்.

அடுத்த பக்கத்தில் தீ. அதற்கடுத்ததில் தீக்குள்ளே ஓர் உருவம். அதற்கடுத்ததில் தீ சிவனின் நெற்றிக்குள் போய் ஒடுங்க, காமன் முழுசாக நின்றான்.

"இந்தா, எந்திரிச்சிட்டான்" என்றாள் அழகம்மா. மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அழகம்மா அவசரப்படவில்லை. ஒவ்வோர் ஏடாகத் திருப்பினாள். சிவனின் கண் மூடிக்கொண்டது. விட்ட அம்பு வில்லுக்கே திரும்பியது. காமன் மலையிலிருந்து இறங்கி வந்தான், விழுந்துகிடந்த பனி அரக்கர்கள் எழுந்து அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். கல்யாணப் பக்கத்தில் அழகம்மா நின்று பார்த்தாள். "பொண்ணு லெச்சணமா இருக்கு. வலமாத்தான் சுத்துறாங்க" என்று சொல்லி, சுண்டுவிரலால் இருவருக்கும் திருஷ்டி கழித்தாள். பக்கம் போகப்போக அவன் மீசை மறைந்தது, உயரம் குறைந்தது. பள்ளிக்கூடப் பையோடு லயத்து வாசலுக்கு ஓடி வந்தான். அழகம்மா சிரித்துவிட்டாள். இத்தனை வருசத்தில் மகன் பேரில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஷாமிலாவுக்கு அழ வராது என்று சொன்னேனே, அன்றைக்கு வந்தது. "அம்மா" என்றாள். "தலைகீழா பாத்துட்டு வர்றீங்கம்மா."

"தெரியும்டி." அழகம்மா பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அட்டை எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அவன் போன வழிய நான் பாத்தாச்சு. வர்ற வழியப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் இன்னும் சில ஏடுகளைத் திருப்பினாள். லயத்துக் காம்பராவுக்குள் ஒரு தாய், மடியில் பச்சைக் குழந்தை. தாய்க்கு அழகம்மாவின் இளவயசு முகம். அதன்பிறகு விரல்களுக்கு இடையில் ஒரே ஓர் ஏடுதான் மிஞ்சியிருந்தது. அழகம்மா அதைத் தூக்கப் போனவள் நிறுத்தி, மகளைப் பார்த்தாள்.

"இதுக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கு?"

"அதுதாம்மா கதை தொடங்குற பக்கம்" என்றாள் ஷாமிலா. "அதுல அவன் இன்னும் பொறக்கல."

அழகம்மா ஏட்டிலிருந்து விரலை எடுத்தாள். குழந்தை இருந்த பக்கத்தை உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப வேணாம். இங்கயே இருக்கட்டும்."